காலமானவர்களும் கலந்துகொள்ளலாம்

“மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, நமது கிளப்பின் தம்பதியர் பொது அறிவுப் போட்டியில் இவ்வாண்டு முதல் காலமானவர்களும் கலந்துகொள்ளலாம் என இதனால் அறிவிக்கப்படுகிறது.”

அந்த அறிவிப்பை நம்பித்தான் நாச்சிமுத்து மேஜைமேல் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன தையில் காலமான மனைவி சுலோச்சனா, பழைய பேச்சுப் பதிவுகளைக் கொண்டு செய்த ஏ.ஐ. குரலாக அதிலிருந்து பேசினாள். ஒரு பதிலும் தப்பவில்லை.

கடைசிக் கேள்வி வருடாவருடம் ஒன்றுதான். சுலோச்சனாவைச் சீண்டவே செயலாளர் கேட்பார்: ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது?

அவளும் சளைக்காமல் சிட்னி என்பாள். “எந்தம்பி அங்கதானுங்க இருக்கறான். தலைநகரத்த உட்டுப்போட்டு அவன் வேறெங்க போய் இருப்பான்?” கூடமே சிரிக்கும். இருவரும் தோற்று வீடு திரும்புவார்கள்.

அந்தத் தப்பை இன்னொரு தடவை கேட்கத்தான் நாச்சிமுத்து வந்திருந்தார். செயலாளர் கேட்டார். கூடம் சிரிக்கத் தயாரானது.

“சொல்லு, சுலோ.”

“கான்பெராங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். “உன்ற தம்பி எங்க இருக்கறான், சுலோ?”

“சிட்னிலங்க. அது தலைநகரமில்லீங்க.”

முதல் பரிசு ஒரு பிளாஸ்க்.