அறுபத்தேழாம் பக்கம்

அண்ணன் இசைக்குழு ஒன்றை நடத்தியவர். அவர் இறந்தபின் அவருடைய இசைநூல்கள் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கே வந்தன. கடைசியாக அவர் கையில் இருந்த நூலில் அறுபத்தோராம் பக்கம்வரை பென்சில் குறிப்புகள் இருந்தன. பட்டியலில் நானே அப்படிப் பதிந்து, அலமாரியைப் பூட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அறுபத்து நான்குவரை இருந்தன.

“நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க,” என்றார் மேலாளர்.

“இருக்கும் சார்.” பட்டியலைத் திருத்தினேன். அதற்கடுத்த வாரம் அறுபத்தேழு. கையெழுத்து அண்ணனுடையதுதான். மறுபடியும் திருத்தினேன்.

மாலையில் அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“அவர் மேசையில தினமும் பென்சில் சீவின தூள் கிடக்குது. நானும் கூட்டிட்டுதான் இருக்கேன்,” என்றார். பிறகு, “இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?” என்று கேட்டார்.

“இருபத்திரண்டு, அண்ணி.”

“அவசரப்படாம எழுதச் சொல்லு.”