கோணல் தாடை

"பழைய கோணல் அப்படியே இருக்கட்டும் டாக்டர். நிமிர்த்த வேண்டாம்" என்றாள் மனைவி.

கட்டிலை மாடியேற்றும்போது படியில் சறுக்கித் தாடையை உடைத்துக்கொண்ட கணவர், பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டிய வாயுடன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

"ஏம்மா, முழுசாக் கேளுங்க. உடையாத வலது பக்கத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கு அளவு எடுத்திருக்கு. ஆபரேஷன்ல இந்தக் குச்சியால எலும்பைத் தொட்டா, எங்கே நிக்கிறோம்னு திரை காட்டும். போன்ல மேப் வண்டிக்கு வழி காட்டற மாதிரி."

"அதுவா? எங்க வீட்டுக்கு வர்றவங்களையெல்லாம் குட்டையிலதான் கொண்டுபோய் விடுது!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையில், நேரான தாடையோடு கணவரின் முகம் மெதுவாகச் சுழன்றது.

கூட வந்திருந்த நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பிக்குப் பிறவியிலேயே இருக்கிற கோணல். உடைஞ்ச சாக்குல சரியாகுதுன்னா வேண்டாங்கறியே! அவன் அழகாயிட்டா எவளாவது கொத்திட்டுப் போயிடுவாளோன்னு பயமா?"

"போகட்டும் அண்ணி. இவர் குறட்டையைக் கேட்டா மறுநாளே கொண்டுவந்து விட்டுடுவா."

"ம்ம்ம்!" என்று கணவர் ஆட்சேபித்தார்.

"பொறாமைக்காரி" என்று முணுமுணுத்தார் நாத்தனார். நர்ஸும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

டாக்டர் கேட்டார்: "கோணலால மெல்லறதுக்குக் கஷ்டம் ஏதாவது?"

"ரெண்டாள் சாப்பாட்டை மெல்லுவார் டாக்டர்."

"சார், உங்க விருப்பம் என்ன?"

கணவர் ஒரு நிமிஷம் திரையையே பார்த்தார். பிறகு மனைவியைக் கைகாட்டி, அவள் சொன்னதுதான் என்று தலையாட்டினார்.

"சரி. ஆனா எவ்வளவு கோணல்னு எனக்குத் தெரியணுமே. பழைய போட்டோ இருக்கா?"

"கல்யாணப் போட்டோவுலகூடத் தாடையில கையை வச்சு மறைச்சிருக்கார் டாக்டர். ரெண்டு வருஷமாத்தான் மறைக்கறதில்லை. போட்டோ எதுக்கு? அளவே வெளியில விளையாடிட்டிருக்கு, இருங்க."

கதவைத் திறந்தாள். "ஏய் வாலு, உள்ளே வா!"

ஆறு வயது மகள் குதித்துக்கொண்டு வந்தாள். அச்சு அசலாக அதே தாடை, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து.

நாத்தனார் குழந்தையின் தலையைத் தடவினார்.

குழந்தை திரையை அண்ணாந்து பார்த்தது. "இது யாரு?"

"உங்கப்பாதான் கண்ணு" என்றார் டாக்டர்.

"பொய்! எங்கப்பா என்னை மாதிரி அழகா இருப்பார்!"