கடைசிச் சுற்று

நாட்டுக்காக ஓடிய முதல் பெண்ணைப் பற்றிய ஆவணப்படம் அது. அந்தம்மா சாதனை படைத்த ஓட்டத்தின் பழைய பிலிம் எப்படியோ கிடைத்துவிட, பெண் இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. எடிட்டரின் அறையில் உட்கார்ந்து இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள்.

முதல் மூன்று சுற்றிலும் அந்தம்மாதான் முன்னால். கடைசிச் சுற்றில் கேமரா சட்டென்று திரும்பி, அடுத்த போட்டிக்காகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த ஆண்களைக் காட்டியது. பிலிம் தீரும்வரை அவர்களேதான்.

"பாவி. ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா அவனுக்கு?" இயக்குநர் எடிட்டர் பக்கம் திரும்பினார். "கேமரா பிடிச்சது யாருன்னு பாருங்க. படத்துல கொட்டை எழுத்துல பேரைப் போடணும். பார்க்கிறவங்க காறித் துப்பட்டும்."

பிலிம் டப்பாவின் மூடியைத் திருப்பிப் படித்த எடிட்டர் தலையைச் சொறிந்தார்.

"வேண்டாம் மேடம், விட்டுடுங்க."

"எவனா இருந்தா எனக்கென்ன? போடுங்கன்னா போடுங்க."

"ஏற்கெனவே போட்டாச்சு மேடம்."

எடிட்டர் அவர்களுடைய படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். கறுப்புத் திரையில், இயக்குநரே எழுதிக் கொடுத்திருந்த சமர்ப்பணம் வந்தது: 'எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்த அப்பாவுக்கு.'

கீழே, டப்பா மூடியில் இருந்த அதே பெயர்.