எட்டு விழுக்காடு

“மூனையும் இன்னொரு தடவ சொல்லிருங்கண்ணே,” என்றாள் நூர் ஃபாத்திஹா.

மாக் மண்டின் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் ஹைதர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி ஒப்பித்தார். “நம்ம எடத்துல நாமளே எரிக்கிற டீசல் ஸ்கோப் ஒன்னு. காசு கொடுத்து வாங்குற கரண்டு ஸ்கோப் ரெண்டு. நமக்காக மத்தவன் லோரி விடுற புகை ஸ்கோப் மூனு. போதும்லா?”

கம்பெனி எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்குக் காட்டும் நிலைத்தன்மை அறிக்கையை எழுதுவது ஃபாத்திஹாவின் வேலை. ஓராண்டில் டீசல் எட்டு விழுக்காடு குறைந்தது, தான் நடத்திய விழிப்புணர்வு வகுப்பால்தான் என்று எழுதியிருந்தாள். அதைச் சரிபார்க்க இன்று வெளியாள் வருகிறார். காரணம் சொல்லத் தெரியாமல் விழித்தால், கம்பெனி சுற்றுச்சூழல் அக்கறை இருப்பதுபோல் சும்மா பச்சைச் சாயம் பூசுகிறது என்று எழுதிவிடுவார்களாம்.

ஹைதரின் பயம் வேறு. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். ஒரே ஒரு கேள்வி மட்டும் வராமல் இருந்தால் வேலை தப்பும்.

சரிபார்க்க வந்த தர்ஷிகா, டீசல் ரசீதுகளைப் புரட்டினார். தினமும் டேங்கில் குச்சி விட்டு அளந்து ஹைதர் சுவரில் எழுதிவைத்த கணக்கோடு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தியது.

“டீசல் எப்படிண்ணே குறைஞ்சுது?”

“மொதல்ல அஞ்சு மணிக்கே பத்த வெச்சிருவேன், மிஸ். இப்ப ஆறு மணிக்குத்தான். வேலை தொடங்க அந்தச் சூடே போதும்.”

தர்ஷிகா, பாய்லருக்கு மேலே காலியாகக் கிடந்த பலகைத் தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். ஹைதர் சட்டென்று ரசீதுக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப முன்னே எதுக்கு அஞ்சு மணிக்கே...”

ஃபாத்திஹா முந்திக்கொண்டாள். அப்போது யாருக்கும் விவரம் தெரியாது, வகுப்புக்குப் பிறகுதான் பழக்கம் மாறியது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். தர்ஷிகா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஹைதரின் படம் வருமென்றும் முடிவாயிற்று.

சாயங்காலம் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வீடு வந்த ஹைதர், நடந்ததை மனைவி ஆசியா பீவியிடம் சொன்னார்.

“எல்லாம் அந்தப் பொண்ணு நடத்துன கிளாசோட மகிமைதானாக்கும்?” என்று கேலி செய்தார் ஆசியா பீவி.

சமையலறையில், போன வருடம் வாங்கிய மின்சார உலர்த்தி உறுமிக்கொண்டிருந்தது. ஹைதர் அதன் கதவைத் திறந்து, உள்ளே விற்பனைக்காக அடுக்கியிருந்த அப்பளங்களில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இருவது வருஷமா பாய்லருக்கு மேல தட்டுல ஒன் அப்பளம் காயறதுக்குத்தானே அஞ்சு மணிக்கே பத்த வெச்சேன், ஆசியா. ஃபெக்டரியில கொறைஞ்ச ஸ்கோப் ஒன்னு, இந்தா, நம்ம வீட்டுல ஸ்கோப் ரெண்டா ஓடிக்கிட்டிருக்கு.”