எல்லா வீட்டிலும் அரைப்படி

மன்னார்குடிக்குக் கிழக்கே அந்தக் கூலிக்காரர் தெருவில் இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கிவிட்டான் தியாகராசன். சொல்லி வைத்தாற்போல எல்லா வீட்டிலும் ஒரே பதில். அரைப்படி.

படிவம் தஞ்சாவூர்ப் பேராசிரியர் கொடுத்தனுப்பியது. மிராசுதார்களின் துப்பாக்கிகளைச் சர்க்கார் வாங்கி வைத்துக்கொள்வதானால், அதற்காக உங்கள் நாள் கூலியில் எவ்வளவு நெல் விட்டுக்கொடுப்பீர்கள்? பயமில்லாமல் இருப்பதற்கு ஜனங்கள் என்ன விலை வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார்களாம். ஆட்சி மாறி நாலு வருஷமாகியும் துப்பாக்கிகள் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தன.

ஒரு வீட்டில் ஒரு படி, ஒரு வீட்டில் கால்படி என்று வந்தால் நம்பலாம். எல்லாமே அரைப்படி என்றால்? டீக்கடையில் உட்கார்ந்து எழுதினாயா என்று பேராசிரியர் படிவங்களை முகத்திலேயே வீசுவார். இருப்பதே தற்காலிக வேலை.

விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன. அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

இருபத்துமூன்றாவது வீட்டு வாசலில் நாகம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, அரைப்படி என்றாள்.

"யாரும்மா உங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தது?" கத்தியேவிட்டான்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லிக்குடுக்க என்னங்க இருக்கு? போன வருசம் அறுப்புல அரைப்படிதான் கூட்டிக் கேட்டோம். சுட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரரோட சேத்து மூணு பேரு. அப்புறம் அந்த அரைப்படியக் குடுத்தாங்க. அதத் திருப்பி எடுத்துக்கட்டும்."

தியாகராசனுக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடினான், திறந்தான்.

அவள் உள்ளே போய்ப் படியில் பாதிக்கு நெல் அள்ளிவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"இது இன்னிக்குள்ளதுங்க. துப்பாக்கிய இன்னிக்கே வாங்கிருவீங்களா? நாளைக்கு மறுபடியும் கூலி கேட்டுப் போறாங்க. எம் மவனும் போறான்."

இது வெறும் கேள்விதான், நெல்லையும் வாங்கமாட்டார்கள், துப்பாக்கியையும் வாங்கமாட்டார்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குனிந்து படிவத்தைப் பார்த்தான். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கியிருந்தது.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"இன்னிக்கு ரெண்டு பேருங்க."