லண்டனுக்கு ஒரு ரயில்

சூயஸ் கால்வாய் அடைபட்டதிலிருந்து, தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி குமாரசிங்கத்துக்கு உலகத்தையே தண்டவாளத்தால் கட்டிப்போடும் வெறி பிடித்திருந்தது.

மலாயாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தைச் சுற்றிக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தடுக்க அவசரகாலத்தில் போட்ட முள்வேலி ஓரமாக, ரப்பர் பால் ஏற்றிய லோரி சேற்றில் புதைந்து நின்றபோதும் அவர் வாய் ஓயவில்லை.

"ரெண்டு கப்பல் மூழ்கினாலே கால்வாய் அடைபட்டுப் போகும். ரயிலெண்டால் சயாம், பர்மா, இந்தியா எண்டு நேரே லண்டன். தண்டவாளத்தை ஆராலை என்ன செய்யேலும்? விளங்குதோ, ராஃபேல்?"

"விளங்குதுங்கய்யா. ஆத்தங்கரை ஆலைக்குப் போறதுக்குள்ள பால் ஒறைஞ்சிரும் போலருக்கு," என்றான் டிரைவர் ராஃபேல்.

"உறைஞ்சால் துரை என்னைத் தொலைச்சுப்போடுவார். இந்தத் தோட்டத்திலை ரயிலின்ரை அருமை தெரிஞ்ச மனுசன் ஒருத்தனும் இல்லை."

ராஃபேல் தடித்த கயிற்றைப் பின்சக்கரத்தில் சுற்றி, மறுநுனியை வேலித்தூணில் கட்டினான். சக்கரம் சுழன்றால் கயிறு லோரியை இழுத்துவிடும்.

குமாரசிங்கம் தூணைச் சந்தேகமாகப் பார்த்தார். "உது தாங்குமோ?"

"நல்லா தாங்கும் லா. ஆத்தங்கரைக்குப் பால் வண்டி ஓடுன தண்டவாளம்தானேய்யா இது. வேலிக்குத் தூண் வேணும்னு நீங்கதான் பேத்தெடுக்கச் சொன்னீங்க."