குனிந்தே சண்டை போடுகிறவள்

"நாங்க நாத்து நடுறதைப் பாத்து எவன் பயப்படுவான் பாப்பா?" சேற்றில் குனிந்தபடியே கேட்டாள் எல்லையம்மாள்.

"செல்போன் சண்டை விளையாட்டுக்கு அக்கா. அதுல வர்ற வீராங்கனைக்குப் பன்னெண்டு நடவு கேட்டிருக்காங்க. இது சரியா வந்தாத்தான் என் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க," என்று வரப்பில் நின்று படம் பிடித்தாள் பிரதீபா.

அவளுக்கும் சந்தேகம்தான். ஆனால் சென்னை அலுவலகத்தில் எதையாவது திருப்பிக் கேட்டால் விவரமில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், எல்லாவற்றுக்கும் சரி சார் என்றே பழகியிருந்தாள். வலங்கைமானில் வீட்டிலிருந்தபடியே பத்து நாள் கம்ப்யூட்டரில் உயிரைக் கொடுத்து அந்த அசைவுகளைச் செய்து அனுப்பினாள்.

அனுப்பிய ஐந்தாம் நாள் மேலாளர் ராஜசேகர் அழைத்தார்.

"நான் போன்ல என்ன கேட்டேன் பிரதீபா?"

"பன்னெண்டு நடவு சார்."

"அடவும்மா. சிலம்பத்துல கால் வைக்கிற அடவு. நீங்க நாத்து நட்டு அனுப்பியிருக்கீங்க."

"மாத்தித் தந்துடுறேன் சார்."

"ஒண்ணையும் மாத்தாதீங்க. நாலு நாளா ஆபீஸ்ல ஒருத்தராலயும் அந்த வீராங்கனையை ஜெயிக்க முடியல. குனிஞ்சே பின்னால போறா, எல்லாக் குத்தும் தலைக்கு மேல போயிடுது. வேலை உங்களுக்குத்தான். ஜெயிச்சதும் ஒரு தடவை மட்டும் கம்பீரமா நிமிர வச்சிருங்க."

சரி சார் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"கம்பீரமால்லாம் வராது சார். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, யம்மாடின்னுதான் நிமிருவா."